கொஞ்சம் உண்டு, கொஞ்சமும் இல்லை

சிற்றளவைச் சொல்லும் ஆங்கில வினையடைகள் இரண்டு கூட்டமாக நிற்கின்றன. ‘ஸ்லைட்லி’, ‘எ லிட்டில்’, ‘எ பிட்’ ஆகியவை கொஞ்சம் உண்டு என்பவை. ‘ஹார்ட்லி’, ‘ஸ்கேர்ஸ்லி’ ஆகியவை ஏறக்குறைய இல்லை என்பவை. விருத்தாசலத்தில் செய்யும் பீங்கான் கோப்பை ஒன்றில் லேசாக விரிசல் விட்டிருந்தால் அங்கே ‘ஸ்லைட்லி’ வரும். உற்றுப் பார்த்தாலும் விரிசல் தெரியாத அளவில் இருந்தால் ‘ஹார்ட்லி’ வரும்.

தமிழில் இந்த வேறுபாட்டுக்குத் தனிச்சொல் தேவையில்லை. ஓர் ‘உம்’ போதும். கொஞ்சம், சற்று, சிறிது, துளி ஆகியவை உண்டு என்பதோடு சேரும். கொஞ்சமும், சற்றும், சிறிதும், துளியும் என்றானதும் ‘இல்லை’யைத் தேடும். எள்ளளவும், இம்மியளவும் அப்படியே. இம்மி பழந்தமிழ்க் கணக்கில் வந்த பின்னம். 1/320 ஆன முந்திரியைவிடப் பன்மடங்கு சிறியது.

தமிழ் மாணவருக்குத் தடுமாற்றம் வருவது இங்கேதான். தமிழில் எதிர்மறை வினையில் இருக்கிறது. ‘ஹார்ட்லி’யில் அது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே ‘ஐ கேன் ஹார்ட்லி ஹியர்’ என்றாலே சரியாகக் கேட்கவில்லை என்று பொருள். ‘கான்ட்’ சேர்ப்பது பிழை. கடுமையாக உழைக்கிறார் என்பதற்கு ‘ஒர்க்ஸ் ஹார்ட்’ என்றே சொல்ல வேண்டும். ‘ஹார்ட்லி ஒர்க்ஸ்’ என்றால் அவர் ஏறக்குறைய வேலையே செய்வதில்லை என்றாகிவிடும். ‘எ’ என்ற ஓரெழுத்தும் பொருளை மாற்றும்: ‘எ லிட்டில்’ கொஞ்சம் இருக்கிறது; வெறும் ‘லிட்டில்’ அவ்வளவாக இல்லை.

‘எ பிட்’ என்பதிலுள்ள ‘பிட்’, கடிப்பதைக் குறிக்கும் ‘பைட்’ என்ற சொல்லுக்கு உறவு. ஒரு வாய் கடித்த துண்டு என்பது அதன் பழம்பொருள். நீரின் சொட்டைக் குறிக்கும் ‘துளி’ தமிழில் அளவுச்சொல் ஆனதும் இதே வழியில்தான். குறையை மெல்லச் சொல்ல ‘எ பிட்’ உதவும்: விலை கொஞ்சம் அதிகம், தேநீர் கொஞ்சம் ஆறிவிட்டது.

தமிழின் ‘கொஞ்சம்’ இன்னொரு வேலையும் செய்கிறது. “கொஞ்சம் இங்க வாங்களேன்” என்பதில் அளவே இல்லை. பணிவு மட்டுமே உண்டு. அதற்கு ஆங்கிலத்தில் ‘ப்ளீஸ்’தான் பொருந்தும்.

பேச்சுத் தமிழில் புழங்கும் ‘லைட்டா’, ஆங்கில ‘லைட்’டோடு தமிழின் ‘ஆக’ சேர்ந்து பிறந்தது. “லைட்டா தலைவலிக்குது” என்பதை ஆங்கிலமாக்கும்போது ‘லைட்’ உதவாது. ‘எ ஸ்லைட் ஹெட்ஏக்’ என்பதே வழக்கு.