பொதுத் தொலைபேசி மையம்

பொதுத் தொலைபேசி மையம் (பேச்சு வழக்கில் எஸ்.டி.டி. பூத்) என்பது கட்டணம் பெற்றுக்கொண்டு உள்ளூர், வெளியூர், வெளிநாட்டு அழைப்புகளுக்கு வசதி அளித்த சிறுகடை ஆகும். 1984இல் நிறுவப்பட்ட சி-டாட் உருவாக்கிய இலக்கமுறை இணைப்பகங்கள் பரவியபோது, சாம் பித்ரோடாவின் முயற்சியால் இவை இந்தியா முழுவதும் பெருகின. திருச்சி மன்னார்புரம் போன்ற பேருந்துச் சந்திப்புகள் இத்தொழிலுக்கு ஏற்ற இடங்களாக இருந்தன. அனுமதி வழங்குவதில் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை இருந்தது.

இயங்குமுறை

இணைப்பகம் கம்பி வழியே அனுப்பும் கட்டணத் துடிப்புகளைக் கடையிலுள்ள மானி எண்ணி, தொகையைச் சீட்டில் அச்சிடும். அத்தொகையில் ஒரு பங்கு கடைக்காரருக்குக் கழிவாகக் கிடைக்கும். ஆகவே அழைப்புக் கட்டணம் குறையக் குறைய, ஓர் அழைப்பால் அவர் பெறும் வருவாயும் குறைந்தது. கட்டணம் நான்கில் ஒன்றாகக் குறையும் பின்னிரவில்தான் கூட்டம் மிகுதி என்பதால், கடையை முன்னதாக மூடவும் இயலாது.

வீழ்ச்சியும் மாற்றமும்

2003இல் நகர்பேசிக்கு வரும் அழைப்புகள் இலவசமாயின. 2006இல் பி.எஸ்.என்.எல். நிமிடத்துக்கு ஒரு ரூபாயில் நாடெங்கும் பேசும் திட்டத்தை அறிமுகப்படுத்தியது. முதலீட்டில் வாங்கிய மானிக்கு வேறு பயன் எதுவும் இல்லை; தடுப்பறைகள் மட்டும் கணினி வைக்க உதவின எனலாம். இவ்வாறு பல கடைகள் இணைய உலாவு மையங்களாயின. 2011ஆம் ஆண்டு விதிகள் வருவோரின் அடையாளத்தைப் பதிந்து ஓராண்டு பேணுமாறு பணித்தன. பின்னர்த் திறன்பேசி அத்தொழிலையும் சுருக்கியது. துணைத்தொழிலாக மூலையில் வைக்கப்பட்ட ஒளிநகல் எந்திரமே பல கடைகளில் எஞ்சியது. தேர்வு, சான்றிதழ் விண்ணப்பங்களை இணையத்தில் நிரப்பித் தரும் பணியும் இன்று அதனுடன் சேர்ந்துள்ளது.