எடை ஒன்றே, பாரம் வேறு!

பௌர்ணமிக்கு முந்தைய நாள் அடி அண்ணாமலைக்கு வந்து பாருங்கள். கிரிவலப் பாதை ஓரம் அன்னதானத்துக்கான அரிசிச் சிப்பங்கள் வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும். பழகிய தொழிலாளி சிப்பத்தை உடலோடு அணைத்துத் தூக்குவார். மாலை வரை சளைக்கமாட்டார். உதவிக்கு வரும் புதியவரோ கால்களை விறைப்பாக வைத்து, கைகளை எட்டி நீட்டி, முதுகை வளைத்துத் தூக்குவார். ஐந்தாவது சிப்பத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

அப்படி ஒருமுறை பிடித்துக்கொண்டது என் இடுப்புதான்! பத்து நாள் படுக்கை. நெம்புகோல் தத்துவத்தைக் கரும்பலகையில் எழுதத் தெரிந்த எனக்கு, என் முதுகெலும்பும் ஒரு நெம்புகோல் என்பது மறந்துபோயிற்று.

இருவரும் தூக்கியது அதே 25 கிலோதானே? பின் ஏன் இந்த வேறுபாடு? கணக்கிட்டுப் பார்ப்போம்.

25 கிலோ சிப்பத்தின் எடை ஏறத்தாழ 250 நியூட்டன். இடுப்பு முள்ளெலும்பிலிருந்து சிப்பம் 60 செ.மீ. தள்ளி இருந்தால், திருப்புத்திறன் 250 × 0.6 = 150 நியூட்டன் மீட்டர். இதைச் சமன் செய்ய வேண்டியவை முதுகுத் தசைகள். அவையோ முள்ளெலும்பின் மையத்திலிருந்து சுமார் 5 செ.மீ. தூரத்தில்தான் உள்ளன. எனவே அவை இழுக்க வேண்டிய விசை 150 ÷ 0.05 = 3000 நியூட்டன்; அதாவது 300 கிலோ சுமைக்குச் சமம்! சிப்பத்தை 30 செ.மீ. தூரத்துக்கு இழுத்து அணைத்துக்கொண்டால் இது பாதியாகிவிடும். குனியும்போது நம் மேலுடலின் எடையும் இதனோடு சேர்ந்துகொள்ளும் என்பதை மறவாதீர்கள்.

இந்த உண்மையைத் தெளிவாகக் கற்றுத்தரும் பயிற்சி ‘டெட்லிஃப்ட்’. தரையில் அசைவின்றிக் கிடக்கும் பளுத்தண்டைப் பிடித்து, நிமிர்ந்து நிற்பதே அது. வலுதூக்கும் போட்டியின் மூன்று பிரிவுகளில் இதுவும் ஒன்று. தண்டு பாதத்தின் நடுப்பகுதிக்கு நேர் மேலே இருக்க வேண்டும். முதுகை வளைக்காமல் இடுப்பிலும் முழங்காலிலும் மடங்க வேண்டும். பாதங்களால் தரையை அழுத்தி எழும்போது, தண்டு காலை உரசினாற்போல் மேலேற வேண்டும்.

இதில் பல வகைகள் உண்டு. ‘சுமோ’ முறையில் கால்களை அகல விரித்து நிற்பார்கள். இடுப்பு தண்டுக்கு அருகில் வருவதால் உடல் அதிகம் குனியாது. தண்டு உயரும் தூரமும் குறைவு. ஆகவே செய்யப்படும் வேலையும் குறைவு. ‘ருமேனிய’ முறையில் நின்ற நிலையில் தொடங்கி, முழங்காலைச் சற்றே மடக்கி, இடுப்பைப் பின்னே தள்ளித் தண்டை இறக்குவார்கள். தொடையின் பின்தசைகளுக்கு வேலை கூடும். எனவே குறைந்த எடையே போதும். 1984 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ருமேனியர் நிக்கு விளாட் செய்துகாட்டியதால் இப்பெயர். அறுகோணத் தண்டிலோ, வீரர் சட்டத்துக்கு உள்ளேயே நிற்பார். கைப்பிடிகள் இருபுறமும் இருப்பதால் சுமை உடலின் நேர்க்கோட்டுக்கு அருகே வந்துவிடுகிறது. வகைகள் பல, ஆனால் எல்லாவற்றிலும் மாறுவது அந்த ஒரு தூரம்தான்!

நம் பக்கத்து ஊரான வேலூரின் சதீஷ் சிவலிங்கம், 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். ஸ்னாட்ச்சில் 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179, மொத்தம் 328 கிலோ! அது டெட்லிஃப்ட் போட்டியன்று. ஆயினும் தரையிலிருந்து தண்டைக் கிளப்பும் முதல் இழுப்பில் ஆள்வது இதே விதிதான்.

நீங்கள் எடையைத் தொடுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு மூங்கில் கழியை முதுகின்மேல் நெடுக்காக வைத்து, பின்தலை, மேல்முதுகு, இடுப்பின் அடி ஆகிய மூன்றிலும் படும்படி பிடியுங்கள். இடுப்பைப் பின்னே தள்ளிக் குனியுங்கள். கழி ஓரிடத்தில் விலகினாலும் முதுகு வளைந்துவிட்டது என்று பொருள். இது கைவந்த பின்பே, பயிற்சியாளர் முன்னிலையில் தண்டைத் தொடலாம். போட்டிக்கான பெரிய தட்டுகளின் விட்டம் 45 செ.மீ.; ஆகவே தண்டு தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் இருக்கும். சிறிய தட்டுகளானால் தண்டு தாழ்ந்து, அதிகம் குனியச் செய்யும். அப்போது தட்டுகளின் அடியில் பலகை வைத்து உயர்த்திக்கொள்ளுங்கள். வலித்தால் உடனே நிறுத்துங்கள்.

பளுதூக்கும் வீரராக எல்லோராலும் ஆக முடியாது. ஆனால் தண்ணீர்க் குடத்தையும் அரிசிச் சிப்பத்தையும் எல்லோரும் தூக்கியாக வேண்டும். அடுத்த முறை குடத்தருகே செல்லும்போது, கை நீட்டுமுன் ஓர் அடி முன்னே வையுங்கள். அந்த ஓர் அடிதான் உங்கள் இடுப்பைக் காக்கும்.