கோக்கர் போட்ட ஒரு கிலோமீட்டர்

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டிலிருந்து பொடிநடையாகப் போய்விடலாம், கோக்கர்ஸ் வாக்குக்கு. நடைபாதை மொத்தமே ஒரு கிலோமீட்டர்தான். செங்குத்து ஏற்றம் கிடையாது, மூச்சு வாங்காது. முழங்கால் வலிக்காரப் பாட்டிகூட பேரன் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம். வான் ஆலன் ஆஸ்பத்திரி பக்கம் நுழைந்தால் செயின்ட் பீட்டர்ஸ் சர்ச் பக்கம் வெளியே வரலாம். இடையில் ஒரு பக்கம் மலை. மறுபக்கம் வெறும் வெளி. கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தால் பள்ளத்தாக்கு, அதற்கும் கீழே பெரியகுளம் சமவெளி.

லெப்டினன்ட் கோக்கர் இந்தப் பாதையைப் போட்டது 1872-ல். கொடைக்கானலை வரைபடத்தில் ஏற்றியவர்களில் அவரும் ஒருவர். அப்போது ஊருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. மதுரையில் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் ஆட்களைப் பறிகொடுத்த அமெரிக்க மிஷனரிகள் 1845-ல் இங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். மதுரை கலெக்டராக இருந்த வியர் லெவிஞ்ச் 1863-ல் ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார். செயின்ட் பீட்டர்ஸ் சர்ச் அன்று இல்லை, அது 1884-ல்தான் எழும்பியது.

சாலையும் இல்லை. இதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். ரயில் வந்த பிறகும் அம்மையநாயக்கனூரில் இறங்கி, ராத்திரி முழுக்க மாட்டுவண்டியில் குலுங்கி, பெரியகுளத்தை ஒட்டிய கிருஷ்ணமநாயக்கன் தோப்புக்கு வந்து சேரவேண்டும். விடிந்ததும் அங்கிருந்து மலையேற்றம். கூலி காட் என்று பெயர் பெற்ற ஒற்றையடிப் பாதை அது. வசதி உள்ளவர்கள் குதிரையில் ஏறினார்கள். துரைசானிகளும் குழந்தைகளும் டோலியிலும் நாற்காலியிலும் உட்கார, அடிவாரத்து ஆட்கள் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெட்டி, படுக்கை, பீங்கான் தட்டு எல்லாமே மனிதர் தலையில்தான் மேலே வந்தன.

ஆகவே கோக்கர் பாதையில் மாலையில் உலாவ வந்தவர்கள் கீழே பார்த்தது தாங்கள் ஏறிவந்த வழியை. அதோ தோப்பு, அதோ இரவெல்லாம் வண்டி வந்த சமவெளி என்று விரல் நீட்டிக் காட்டியிருப்பார்கள். தூக்கிவந்தவர்களில் எத்தனை பேருக்கு அங்கே சும்மா நின்று வேடிக்கை பார்க்க நேரம் கிடைத்திருக்கும் என்பது வேறு கதை.

1914 வாக்கில் வத்தலக்குண்டு வழியாக மோட்டார் சாலை திறந்தது. மேஜர் லா திட்டமிட்ட அந்தச் சாலைக்கு இன்றும் அவர் பெயர்தான். மலைக்கு வருபவர்கள் கிழக்கிலிருந்து, பெருமாள்மலை சுற்றி, வெள்ளி அருவியைத் தாண்டி வரத் தொடங்கினார்கள். அன்றோடு பெரியகுளம் பக்கத்துத் தெற்குச் சரிவு வாசல் என்ற நிலை போய், வீட்டின் பின்கட்டு ஆகிவிட்டது. என்னைக் கேட்டால் இந்த நடைபாதையில் நேர்ந்த பெரிய மாற்றம் இதுதான். டிக்கெட் கவுண்டர், தொலைநோக்கி, வாசலில் மசாலா தடவிய சோளக்கதிர், மிளகாய் பஜ்ஜி, யூகலிப்டஸ் தைலம், ஹோம்மேடு சாக்லேட் எல்லாம் பிறகு வந்த சில்லறை மாற்றங்கள். கம்பி வேலி வந்ததில் எனக்கு வருத்தமே இல்லை, அந்தப் பள்ளத்தைப் பார்த்தவர் யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

கீழே தெரியும் காட்சியும் மாறித்தான் இருக்கிறது. வைகை அணை 1959-ல் வந்தது. கிரீன் வேலி வியூ என்ற இன்னொரு பாயின்ட்டில் நின்றால் அணை நீர் பளபளப்பதைப் பார்க்கலாம். இருட்டிய பிறகு பெரியகுளம் பக்கம் மின்விளக்குகள் பரவிக் கிடக்கும். கோக்கருக்கு இதெல்லாம் கிடைத்திருக்காது. வானம் தெளிந்த நாளில் மதுரையே தெரியும் என்று ஊர்க்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். சமவெளியில் புழுதி மூட்டம் இல்லாத நாளாகப் பார்த்துப் போகவேண்டும்.

இப்போது வருபவர்கள் பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள், செல்பி அப்படித்தான் எடுக்கமுடியும். மேகம் ஏறி எல்லாவற்றையும் மூடிவிட்டால், "பத்து நிமிஷம் இருங்க, விலகிடும்" என்று யாராவது சொல்வார்கள். அதற்குள் டிரைவர் போன் போட்டுவிடுவார்: "சார், பில்லர் ராக், குணா குகை, பைன் காடு எல்லாம் பாக்கி இருக்கு." 2024 மே மாதத்திலிருந்து மலையேற இ-பாஸ் வேண்டும். முதலில் வண்டிகளை எண்ணத்தான் அந்த ஏற்பாடு வந்தது. ஆனால் ஒரே நாளில் எல்லா பாயின்ட்டையும் முடித்துவிடும் இந்த அவசரத்துக்கு எந்தப் பாஸும் கடிவாளம் போடாது.

காத்திருப்பவர்களுக்கு மட்டும் கிடைக்கும் ஒன்று உண்டு. மாலைச் சூரியன் முதுகுக்குப் பின்னே தாழ்ந்திருக்க, முன்னே பள்ளத்தில் மேகம் நிரம்பியிருந்தால், உங்கள் நிழலே பூதாகாரமாக அந்த மேகத்தின் மேல் விழும், தலையைச் சுற்றி வானவில் வளையத்தோடு. பிராக்கன் நிழல் என்பார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு அவர் தலையைச் சுற்றித்தான் வளையம் தெரியும், உங்கள் தலையைச் சுற்றித் தெரியாது! ஒளி, மேகம், கோணம் மூன்றும் அமையவேண்டும் என்பதால் அபூர்வமாகத்தான் வாய்க்கும்.

தெற்கே டால்பின்ஸ் நோஸ் பாறை நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குக் கீழே, சரிவிலேயே வெள்ளகவி என்று ஒரு ஊர் இருக்கிறது. கொடைக்கானலுக்கு மோட்டார் வந்து பல தலைமுறை ஆன பிறகும் அந்த ஊருக்கு ஒற்றையடிப் பாதைதான் இருந்தது. ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்கமாட்டார்கள். காபிக்கொட்டையும் எலுமிச்சையும் குதிரை முதுகில் மேலே வரும், அரிசியும் மளிகையும் அதே குதிரையில் கீழே இறங்கும்.