கறுப்பெல்லாம் ருசி அல்ல!

ஜூலை 4-ந் தேதி அமெரிக்காவின் சுதந்திர தினம். அன்று மாலை அங்கே பல வீடுகளின் புழக்கடையிலிருந்து புகை கிளம்பும். பயப்பட வேண்டாம், 'பார்பெக்யூ' நடக்கிறது! மற்ற நாட்களில் வெந்நீர் வைக்கக்கூட அடுப்பங்கரைக்குள் எட்டிப் பார்க்காத கணவன்மார்களும் அன்று ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, கையில் நீண்ட இடுக்கியுடன் நளமகாராஜாவாக நிற்பார்கள். தணலுக்கு மேல் கம்பித் தட்டில் இறைச்சியும் சோளக் கதிரும் வெந்துகொண்டிருக்கும்.

கரீபியன் தீவுகளில் வாழ்ந்த தாய்னோ மக்கள் மரக் கம்புகளால் பரண் கட்டி, கீழே நெருப்பு மூட்டி இறைச்சியை வாட்டினார்கள். அந்தப் பரணின் பெயர்தான் ஸ்பானியர் வாயில் புகுந்து, பிறகு 'பார்பெக்யூ' ஆயிற்று. 1952-ல் சிக்காகோ பக்கத்தில் ஓர் உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், நீரில் மிதக்கும் மிதவைக்கான இரும்பு உருண்டையைப் பாதியாக்கி, ஒரு பாதிக்குக் காலும் மறு பாதிக்குக் கைப்பிடியும் வைத்தார். மூடி போட்ட கிரில் அடுப்பு பிறந்தது. மழைக்கும் காற்றுக்கும் பயமில்லை. ஆனால் புகையும் கொழுப்பும் மூடிக்குள்ளேயே படிய ஆரம்பித்தன!

"கறுக்கக் கறுக்கத்தான் ருசி. அடுப்பைச் சுத்தம் செய்யாதே!" என்று வாதாடும் கட்சி ஒன்று அங்கே உண்டு. டெக்ஸாஸ் மாகாணத்தில் பெயர் போன பழைய கடைகளின் சுவர்களே புகையேறிக் கறுத்திருப்பதைச் சாட்சிக்கு இழுப்பார்கள். இந்த வாதத்தில் பாதிதான் உண்மை.

நல்ல கறுப்பு, கெட்ட கறுப்பு

நாள்பட்ட தோசைக்கல்லை எந்தப் பெண்மணியாவது சாம்பல் போட்டுத் தேய்த்து வெளுக்க வைப்பாளா? எண்ணெய் சூட்டில் இறுகி, மெல்லிய தோல்போல் இரும்பில் படிந்திருக்கிறது. அது இருக்கும்வரை துரு பிடிக்காது, தோசை ஒட்டாது. வார்ப்பிரும்புக் கம்பித் தட்டுக்கும் இதே நியாயந்தான். நகத்தால் சுரண்டினாலும் வராத பளபளப்பான கறுப்பு நல்ல கறுப்பு. செதில் செதிலாக உதிர்வதும், பிசுபிசுவென்று கையில் ஒட்டுவதும் கெட்ட கறுப்பு. மூடியின் உட்புறம் உரிவதைக் கண்டு, 'பெயிண்ட் போய்விட்டதே!' என்று பலர் வருந்துகிறார்கள். பெரும்பாலும் அது பெயிண்ட் அல்ல; கரியாகிப் போன கொழுப்பும் புகையுந்தான். சமையலில் விழுமுன் சுரண்டி எடுத்துவிட வேண்டும்.

முதல் விரோதி சாம்பல். அது ஈரத்தை இழுக்கும். ஈரச் சாம்பல் இரும்புத் தகட்டை அரித்து ஓட்டையாக்கிவிடும். அடியிலுள்ள காற்றுத் துளைகளையும் அடைக்கும். காற்று குறைந்தால் கட்டை எரியாமல் புகைந்து, தார் போன்ற பிசினைக் கக்கும். மணிக்கணக்கில் புகையிலேயே வேகவைக்கும் 'ஸ்மோக்கர்' அடுப்பில் இந்தப் பிசின் இறைச்சியில் படிந்தால் ஒரே கசப்பு! ஆகையால் அதன் புகைபோக்கியை அடைத்து வைக்கக் கூடாது. சாம்பலை அள்ளும்போதும் ஜாக்கிரதை வேண்டும். இரண்டு நாள் ஆறவிட்டு, மூடியுள்ள தகர வாளியில்தான் கொட்ட வேண்டும். மேலே சாம்பல் பூத்திருந்தாலும் உள்ளே கங்கு கண் விழித்திருக்கும்.

இரண்டாவது விரோதி கொழுப்பு. அமெரிக்காவில் கிரில் அடுப்புகளால் வீடுகளில் வருஷத்துக்குச் சுமார் 10,000 தீவிபத்துகள் நேர்வதாகத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் கணக்கிட்டிருக்கிறது. அடுப்பைச் சுத்தம் செய்யாமல் விடுவது அதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. கொழுப்பு வடியும் தட்டை அடிக்கடி காலி செய்வது அவசியம். கரி அடுப்பில் கொழுப்பு பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. மூடியையும் காற்றுத் துளைகளையும் சாத்திவிட வேண்டும். காஸ் அடுப்பானால், கை எட்டுமானால் காஸையும் நிறுத்த வேண்டும்.

துப்புரவே வினையான கதை

கம்பித் தட்டைச் சூடாக இருக்கும்போதே சுரண்டுவது சுலபம். ஆனால் எதைக் கொண்டு சுரண்டுகிறோம் என்பதிலும் ஆபத்து இருக்கிறது. பிராவிடென்ஸ் நகரத்து ஆஸ்பத்திரிக்கு 2011 மார்ச் முதல் 2012 ஜூன் வரை ஆறு பேர் ஒரே காரணத்துக்காக வந்து சேர்ந்தார்கள். அடுப்பைத் தேய்த்த கம்பி பிரஷ்ஷின் மயிரிழை போன்ற கம்பி ஒன்று தட்டில் தங்கி, இறைச்சியோடு வயிற்றுக்குள் போயிருந்தது! சிலருக்குத் தொண்டையில் குத்தியது. சிலருக்குக் குடலையே துளைத்து, அவசர ஆபரேஷன் வரை கொண்டுபோய் விட்டது.

கம்பி பிரஷ்ஷுக்குப் பதில் மரச் சுரண்டி போதும். அலுமினியத் தாளைக் கசக்கி இடுக்கியில் பிடித்தும் தேய்க்கலாம். பிறகு தட்டு ஆறியதும் ஈரத் துணியால் துடைத்து, எண்ணெயை மெல்லிசாகத் தடவி வைத்தால் அடுத்த சமையலுக்குத் தயார். காஸ் கிரில்லானால் பர்னர் குழாயையும் பார்க்க வேண்டும். அதற்குள் சிலந்தி கூடு கட்டினால் நீலச் சுவாலை மஞ்சளாகிவிடும்.

'நமக்கேன் இந்தக் கதை? நாம்தான் மாமிசமே தொடுவதில்லையே!' என்கிறீர்களா? அமெரிக்காவில் இருக்கும் உங்கள் பிள்ளையோ மாப்பிள்ளையோ புழக்கடையில் பனீரும் குடைமிளகாயும் சுடுவதாகச் சொன்னால், டெலிபோனில் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்: "எதைக் கொண்டு தேய்த்தாய்?" கம்பி இழைக்குச் சைவம், அசைவம் என்ற பேதம் தெரியாது!