ஒரு மரம், மூன்று நோக்குகள்: நிலைபேறான உயிர்ப்பொருளாதாரம்

நிலக்கரி, பெற்றோலியம் என்பவற்றுக்குப் பதிலாக உயிரியல் வளங்களை, அவை மீள உருவாகும் வேகத்தை மீறாது பயன்படுத்தும் பொருளாதாரமே நிலைபேறான உயிர்ப்பொருளாதாரமாகும். தரப்பினருக்கேற்ப இதன் விளக்கம் வேறுபடும். இலங்கையில் 2005 இல் நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவிக்கப்பட்ட கிளிரிசிடியாவை (சீமைக்கிளுவை) உதாரணமாகக் கொள்வோம்.

• விவசாயி: இலை பசளையாகவும் கால்நடைத் தீவனமாகவும் பயன்படும்; தடியை விற்றால் மேலதிக வருமானம் கிடைக்கும்.

• மின் உற்பத்தியாளர்: தடி மீள்புதுப்பிக்கத்தக்க எரிபொருள், அது தடையின்றிக் கிடைக்க வேண்டும்.

• சூழலியலாளர்: எரியும்போது வெளியேறும் காபனீரொட்சைட்டை மீண்டும் தளிர்க்கும் கிளைகள் உறிஞ்ச வேண்டும், இலையையும் அகற்றினால் மண்ணுக்குச் சேரும் நைதரசன் குறையும்.

கவனிக்க: தடியை விற்று இலையை மண்ணுக்கு இடும்போது மூவரின் தேவையும் பெருமளவு நிறைவேறும். மீள்புதுப்பிக்கத்தக்க வளம் யாவும் நிலைபேறானதல்ல. பயன்படுத்தும் முறையே அதனைத் தீர்மானிக்கும். விடையில் இதனைத் தவறாது குறிப்பிடுக.