கிராம சபை நோட்டில் கையெழுத்து கேட்கிறார்களா? பேனாவைத் திறப்பதற்கு முன் இதைப் படியுங்கள்!

"ஒரு கையெழுத்துதானே, போட்டுட்டுப் போங்க!"

கிராம சபை நாளில் பல ஊர்களில் கேட்கும் வசனம் இது. சில ஊர்களில் நோட்டு வீட்டுத் திண்ணைக்கே வந்துவிடும். நாமும் போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம்.

ஏன் இப்படித் தேடி வந்து வாங்குகிறார்கள்? ஆள் கணக்குதான் காரணம். தமிழ்நாட்டில் மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் போனால் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். வராத ஆளை நோட்டு ஈடுகட்டுகிறது. விளைவு? போகாத கூட்டத்தில், படிக்காத தீர்மானத்துக்கு நீங்கள் சம்மதம் சொல்லியிருப்பீர்கள்.

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் எல்லோரும் கிராம சபை உறுப்பினர்கள்தான். யாரும் அழைக்க வேண்டியதில்லை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என நான்கு நாள்களாக இருந்ததை, மார்ச் 22, நவம்பர் 1 சேர்த்து ஆறாக்குவதாக 2022-ல் அரசு அறிவித்தது.

போனால் என்ன கேட்கலாம்? முதலில் வரவு செலவுக் கணக்கு. தெருவிளக்குக்கு எவ்வளவு, மோட்டார் ரிப்பேருக்கு எவ்வளவு என்று வாசிக்கச் சொல்லுங்கள். ஒரே மோட்டார் எத்தனை முறை ரிப்பேர் ஆனது என்பது சில சமயம் சுவாரஸ்யமான கதையாக இருக்கும்! அடுத்து, அரசு வீடு யாருக்கு என்ற பயனாளிகள் பட்டியல். தீர்மானத்தை எழுதி, வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து. நகல் தர மறுத்தால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது.

'தீர்மானம் போட்டு என்ன ஆகப்போகிறது?' என்பவர்களுக்கு மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியைச் சொல்லலாம். 2022-ல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்த செய்தி 2024 நவம்பரில் வந்ததும், ஊர் மக்கள் கிராம சபையில் எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள். போராட்டம் பரவியது. டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

எல்லா ஊருக்கும் இப்படி நடப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் பலமுறை கிராம சபைத் தீர்மானம் போட்டார்கள். திட்டம் கைவிடப்படவில்லை. ஆனால், அந்த ஊர் சம்மதித்ததாக யாரும் நோட்டைக் காட்டிச் சொல்ல முடியாது.

அரசமைப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவில் குடிமக்களுக்கு 11 கடமைகள் இருக்கின்றன. கிராம சபைக்குப் போவது அதில் இல்லை. போகாவிட்டால் அபராதமும் இல்லை. அதனால்தான் நோட்டுக்கு வேலை சுலபமாகிறது.

நகரத்தில் இருப்பவர்களே, உங்களுக்கும் உண்டு. பெயர், ஏரியா சபை. உங்கள் வார்டில் கடைசியாக எப்போது நடந்தது என்று கவுன்சிலரைக் கேட்டுப் பாருங்கள்.