உங்களுக்குத் தெரியுமா? டார்ச்சின் எல்லை நிலா வெளிச்சம்!

மலிவு விலை எல்.இ.டி. டார்ச்சின் அட்டைப்பெட்டியில் ‘500 மீட்டர்’ என்று போட்டிருந்தால், அரை கிலோமீட்டர் தள்ளி நிற்பவரின் முகம் பளிச்சென்று தெரியும் என நினைத்துவிட வேண்டாம். 2009இல் வந்த அமெரிக்காவின் எஃப்.எல்.1 தர விதிப்படி, வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடம்தான் டார்ச்சின் எல்லை. அது கிட்டத்தட்ட முழுநிலா வெளிச்சம்! அந்தத் தூரத்தை இரட்டிப்பாக்க, ஒளிக்கற்றையின் செறிவு நான்கு மடங்காக வேண்டும்.

பெரிய புளுகு பேட்டரியில்தான். டார்ச்சுகளில் வரும் ‘18650’ லித்தியம் செல்லின் பெயர் அதன் உடல் அளவுதான்: 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். நல்ல செல்லின் மின் கொள்ளளவே பெரும்பாலும் 3,500 எம்.ஏ.எச். அளவில் நின்றுவிடும். ‘9,900’ என்று அச்சடித்த செல்லை எடை போட்டுப் பாருங்கள். அசல் செல் சுமார் 45 கிராம். போலி பல நேரம் எடை குறைந்து அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

கான்வாய் எஸ்2 பிளஸ் போன்ற விலை குறைந்த டார்ச்சுகளைப் பிரித்து மேயும் ஆர்வலர்கள் பலரும் கைவைப்பது வால்பக்க ஸ்பிரிங்கில். மின்னோட்டம் அதன் மின்தடையைச் சுற்றிக்கொண்டு போக, ஒரு துண்டு செம்புக் கம்பியை ஈயம் வைத்துப் பற்றவைக்கிறார்கள். செலவு சொற்பம். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தாத டார்ச்சாக இருந்தால் வெளிச்சம் கூடும், கூடவே சூடும்.